பனை மரமா, புல்லா? மனம் பொருட்களை எப்படி வகை பிரிக்கிறது?

கிணற்றடி

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயது. போன கிழமை கொஞ்சம் பட அட்டைகளைக் கொடுத்து, எது எதோடு சேருமோ அதை அதோடு வைக்கச் சொன்னேன். மா, வேம்பு, முருங்கை, பனை, தென்னை, கமுகு, வாழை, கத்தரி, அறுகம்புல். அனேகமான பிள்ளைகள் பனை, தென்னை, கமுகு மூன்றையும் ஒரு குவியலாக வைத்து, வாழையையும் அதற்குள் தள்ளிவிட்டார்கள். ஒரு பெடியன் மட்டும் மா, பனை, தென்னை, வாழை நான்கையும் சேர்த்தான். ஏன் என்று கேட்டால், "இது சும்மா சாப்பிடுறது" என்றான். அப்ப கத்தரி? "அது அம்மா கறி வைச்சால்தான்."

அதுவரை சரி. பிறகு "ஒரு மரம் கீறுங்கோ" என்றேன். ஒரு பிள்ளைகூடப் பனை கீறவில்லை! எல்லாக் கொப்பியிலும் மண்ணிறத் தண்டு, மேலே பச்சை உருண்டை, அதில் நாலைந்து சிவப்புப் பழம். எங்கள் யன்னலைத் திறந்தால் தெரிவது முழுக்கப் பனை. சிவப்புப் பழம் காய்க்கிற மரம் அந்த ஒழுங்கையிலேயே கிடையாது.

இந்தப் பிள்ளைகளின் மண்டைக்குள் இருக்கிற "மரம்" எங்கிருந்து வந்தது? அதில் பனைக்கு ஏன் இடமில்லாமல் போனது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள்.

வேலியோரம்

அக்கா, உங்கள் பிள்ளைகள் தாவரவியலில் பாதி தேறிவிட்டார்கள். பனை, தென்னை, கமுகு மூன்றும் ஒரே குடும்பம். எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள், புல்லும் அந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்ததுதான். மாவும் வேம்பும் ஆண்டுக்காண்டு பருப்பதற்குக் காரணமான மாறிழையம் பனைக்குக் கிடையாது. அதனால்தான் வடலியாக நிலத்தோடு நிற்கும்போதே அடியின் பருமன் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு உயர்வது மட்டும்தான் அதன் வேலை. வாழையோ இன்னும் ஒரு படி கீழே. நாங்கள் தண்டு என்று கட்டிப்பிடிப்பது, இலையடிகள் ஒன்றையொன்று சுற்றி நிற்பது. உண்மையில் அது ஒரு பெரிய பூண்டு.

இதைத் தொல்காப்பியர் மரபியலில் வேறு வழியால் சொல்லிவிட்டார். வெளிப்பக்கம் வைரம் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உட்பக்கம் வைரம் உள்ளது மரம். பனை தறித்துச் சிலாகை அடித்தவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. கோடரி வெளிப்புறத்தில்தான் திணறும். நடுவுக்குப் போனால் நார்தான் வரும், அதைச் சிலாகைக்கு எடுக்கமாட்டார்கள். வேம்பு அப்படியே எதிர்மாறு. ஆக, தொல்காப்பியக் கணக்கில் பனை புல்.

சுன்னாகச்சந்தை

அப்ப இவ்வளவு காலமும் புல்லில் ஏறியா கள்ளு இறக்கினோம்?

தர்க்கப்பித்தன்

பகிடி இருக்கட்டும். வேலியோரம் சொன்னதில்தான் விடை இருக்கிறது. மரம் எது என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் வேண்டும். இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து மேற்கில் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் தருக்க நூல்களும் அதைத்தான் சொல்கின்றன. பசுவுக்கு இலக்கணம் சொல்லும் பாடம் சைவப் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். "கபில நிறமுடையது பசு" என்றால் வெள்ளைப் பசு வெளியே நின்று கதறும், அது அவ்வியாத்தி. "கொம்புடையது" என்றால் எருமையும் ஆடும் உள்ளே நுழைந்துவிடும், அது அதிவியாத்தி. "ஒற்றைக் குளம்புடையது" என்றால் ஒரு பசுவும் அகப்படாது, அசம்பவம். "அலைதாடி உடையது" என்றால் கணக்காக நிற்கும்.

ஒரு கருத்து மனதில் இருக்கிறது என்றால் இப்படி ஒரு இலக்கணம் மனதில் இருக்கிறது என்றுதான் பொருள். பிள்ளைகளுக்கு அது இன்னும் படியவில்லை. வேறொன்றுமில்லை.

பனிப்புலம்

ஐயா, உங்களோடு கொழுவ எனக்கு விருப்பமில்லை, ஆனால் கொழுவத்தான் வேண்டும். இங்கே ரொறன்ரோவில் உளவியல் படித்தபோது முதல் தவணையிலேயே இந்தக் கொள்கையை உடைத்துக் காட்டினார்கள்.

முதல் அடி தத்துவத்தில் விழுந்தது. விட்கென்ஸ்டைனின் நூல் ஒன்று அவர் இறந்தபிறகு 1953 இல் வந்தது. விளையாட்டு என்று நாங்கள் சொல்பவை எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று அதில் கேட்கிறார். கிளித்தட்டுக்கும் தாயத்துக்கும் என்ன பொது? கிளித்தட்டுக்கு ஓட வேண்டும், தாயத்துக்கு இருந்த இடத்தில் இருந்தால் போதும். வெற்றி தோல்வியா? சுவரில் பந்தெறிந்து தனியாக விளையாடுகிற பிள்ளைக்கு யாரோடு வெற்றி? ஒரு குடும்பத்து ஆட்களைப் போலத்தான். ஒருவருக்குத் தாயின் மூக்கு, இன்னொருவருக்குத் தகப்பனின் நடை. எல்லாருக்கும் பொதுவான ஒரு அடையாளம் இராது, ஆனாலும் பார்த்தவுடன் இன்னார் வீட்டு ஆள் என்று தெரியும்.

இரண்டாவது அடி பரிசோதனைக் கூடத்தில். 1970களில் எலனோர் ரோஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம், "பறவை என்பதற்கு இது எவ்வளவு நல்ல உதாரணம்?" என்று கேட்டு மதிப்பிடச் சொன்னார். அந்த ஊரில் சாதாரணமாகக் காணும் ரொபின் என்ற சின்னக் குருவி மேலே நின்றது. பென்குயின் அடியில் கிடந்தது. கருத்து வெறும் இலக்கணமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு பறவைதானே? அப்படி இல்லை. நடுவில் ஒரு முன்மாதிரி இருக்கிறது, மற்றவை அதற்கு எவ்வளவு கிட்ட, எவ்வளவு தூரம் என்ற கணக்கில் சுற்றி நிற்கின்றன. நல்ல உதாரணத்துக்கு "ஆம், இது பறவை" என்று சொல்லவும் குறைந்த நேரமே எடுக்கிறது.

கிணற்றடி அக்காவின் பிள்ளைகள் கீறியது அந்த முன்மாதிரியை.

கிணற்றடி

அதுதான் தம்பி எனக்கு இடிக்கிறது. அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்ப்பது பனை. அப்ப அதுதானே முன்மாதிரியாக வர வேண்டும்?

பனிப்புலம்

நல்ல கேள்வி. அடிக்கடி பார்ப்பது வேறு, நல்ல உதாரணமாக நிற்பது வேறு. கோழியை எத்தனை தரம் பார்த்திருப்போம், ஆனால் "ஒரு பறவை சொல்லு" என்றால் கோழி முதலில் வராது. ரோஷும் கரோலின் மேர்விஸும் 1975 இல் காட்டியது இதுதான்: அந்த வகையில் உள்ள மற்றவற்றோடு எது அதிகமான பண்புகளைப் பகிர்கிறதோ, வேறு வகைகளோடு எது குறைவாகப் பகிர்கிறதோ, அதுதான் நடுவுக்கு வரும். கொப்பு, கிளை, அகன்ற இலை, நிழல் என்று பார்த்தால் மா, வேம்பு, பலா, புளி எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு. பனைக்குக் கொப்பும் இல்லை, கிளையும் இல்லை. வட்டுக்குக் கீழே நிழல்கூட ஒழுங்காக விழாது.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பல மட்டத்தில் பெயர் சொல்லி அழைக்கலாம். தளபாடம், கதிரை, சாய்மனைக் கதிரை. இதில் நடு மட்டம்தான் வாயில் சட்டென்று வரும், பிள்ளைகள் முதலில் பிடிப்பதும் அதைத்தான். 1976 இல் ரோஷ் குழு இதை ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கலிபோர்னியா மாணவர்களுக்கு அந்த நடு மட்டம் "மரம்", "மீன்", "பறவை" என்று வந்தது. மேப்பிள், ஓக் என்று பிரித்ததால் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. ஆனால் பிரென்ட் பெர்லின் மெக்சிகோவின் செல்தால் மக்களிடையே செடிகொடிகளின் பெயர்களை ஆராய்ந்தபோது, அங்கே முக்கியமான மட்டம் அதற்கு ஒரு படி கீழே, தனித்தனி இனங்களில் இருந்தது. மண்ணோடு வாழ்கிறவர்களுக்கு அப்படி, நகரத்துப் பிள்ளைகளுக்கு இப்படி.

இப்போது கோண்டாவிலுக்கு வாருங்கள். அங்கே பனை "மரத்தில் ஒரு வகை"யாக நிற்கவில்லை. பனை பனைதான். நுங்கு, பனாட்டு, ஒடியல், ஓலை, நார் என்று தன் பெயரில் தனி வளவே வைத்திருக்கிறது. "மரம் கீறு" என்றால் பனை வராது. "பனை கீறு" என்று கேட்டுப் பாருங்கள், கங்குமட்டையோடு கீறித் தருவார்கள்.

சுன்னாகச்சந்தை

இது மெய். மாம்பழம் விற்கிற எங்களுக்கும் அப்படித்தான். கொழும்பிலிருந்து வருகிறவர் "மாம்பழம் என்ன விலை" என்பார். ஊர்ச்சனம் அப்படிக் கேட்காது. "கறுத்தக்கொழும்பான் வந்திட்டுதோ", "அம்பலவி இருக்கோ", "விலாட் பிஞ்சா பழமா" என்றுதான் கேட்கும். பழத்தைக் கையில் எடுக்கவே தேவையில்லை, கடகத்துக்குள் காம்படி தெரிந்தால் என்ன பழம் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான் அது மாம்பழம் என்ற நினைப்பே வரும்.

பனிப்புலம்

அண்ணை, நீங்கள் சொல்வதை 1991 இல் டனாக்காவும் டெய்லரும் நாய் வளர்ப்பவர்களிடமும் பறவை பார்ப்பவர்களிடமும் அளந்திருக்கிறார்கள். தங்கள் துறைக்குள் உள்வகைப் பெயரையும் பொதுப் பெயர் அளவுக்கே விரைவாக இனங்காணுகிறார்கள். நாய்க்காரரிடம் பறவையைக் காட்டினால் மற்றவர்களைப் போலத்தான்.

தர்க்கப்பித்தன்

எல்லாரும் ரோஷ் அம்மாவின் பின்னால் ஓடுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். ஒற்றை எண் என்றால் என்ன? இரண்டால் மீதியின்றி வகுபடாத எண். இதைவிடத் திறமான இலக்கணம் உண்டா? 1983 இல் ஆம்ஸ்ரோங், கிளைற்மன், கிளைற்மன் மூவரும் ஒற்றை எண்ணுக்கு எது நல்ல உதாரணம் என்று கேட்டுப் பார்த்தார்கள். 3 நல்ல ஒற்றை எண், 447 அவ்வளவு நல்லதில்லை என்று சனம் மதிப்புப் போட்டது! அதற்காக 447 கொஞ்சம் இரட்டை என்று ஆகிவிடுமா? ஆக, "நல்ல உதாரணம், கூடாத உதாரணம்" என்று சனம் மதிப்பிடுவதை வைத்து, உள்ளே இலக்கணம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

பனிப்புலம்

ஐயா, இது நியாயமான அடி. நீங்கள் இதைப் படித்திருப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறது என்பது ஒன்று, எது உண்மையில் உறுப்பு என்பது இன்னொன்று. முன்மாதிரிக் கொள்கை இரண்டாவதை முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் இலக்கணம் என்று எழுதக்கூடியவை கணக்கிலும் சட்டத்திலும்தான் கிடைக்கும். சட்டத்தில்கூட இழுபறிதான்: தக்காளி பழமா மரக்கறியா என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை போய், 1893 இல் "சாப்பாட்டு மேசையில் இருக்கிற விதத்தைப் பார்த்தால் மரக்கறி" என்று தீர்த்தார்கள். தாவரவியலில் அது பழம் என்று தெரிந்துகொண்டுதான். இறக்குமதி வரிப் பிரச்சினை!

குருநகரான்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மரம், மாங்காய் என்று கதைக்கிறீர்கள், கடல் பக்கம் ஒருவரும் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே கூடை மீனை இரண்டு விதமாகப் பிரிப்பார்கள். ஐயா களங்கண்ணிக்கு, அதாவது ஆழமில்லாத கடலில் கம்பு நட்டுக் கட்டுகிற மீன் பட்டிக்குப் போனவர். அவருக்கு மீன் என்றால் எங்கே கிடைக்கும், எதில் படும் என்பதுதான். களங்கண்ணியில் படுகிறது, கரைவலையில் வருகிறது, தூண்டிலுக்கு வருகிறது. ஒட்டியும் இறாலும் நண்டும் அவருக்கு ஒரு பக்கம், ஏனென்றால் ஒரே பட்டியில் ஒன்றாகக் கிடந்து வரும். அம்மா அதே கூடையைக் குசினி வாசலில் கொட்டினால் கதை மாறிவிடும். இது சொதிக்கு, இது பொரிக்க, இது குழம்புக்கு. திருக்கையும் சுறாவும் வறைக்கு. நண்டுக்காலும் சின்ன இறாலும் மீன்தலையும் கூழுக்கு. பால்சுறா வந்தால் பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்று தனியே ஒரு சட்டிக்குள் போகும், அதில் யாரும் கை வைக்க ஏலாது.

இரண்டு பேரும் ஒருநாளும் இதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. பிறகு கம்பனி வாங்க வந்தது. அவர்களுக்கு நண்டு என்றால் எத்தனை கிராம் என்பது மட்டும்தான்.

இதில் எது சரியான வகை?

பனிப்புலம்

அண்ணை, இந்த இழையில் வந்த மிக நல்ல பதிவு உங்களுடையதுதான். 1989 இல் பொஸ்டர், ஜோன்சன் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் இதே வேலையைச் செய்தார்கள். மீன் படங்களைக் கொடுத்து, தூண்டில் போடுகிற ஆட்களையும் மீன் அறியாத மாணவர்களையும் பிரிக்கச் சொன்னார்கள். அறியாதவர்கள் உருவத்தைப் பார்த்துப் பிரித்தார்கள், அதனால் அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பிரித்தார்கள். அறிந்தவர்கள் எப்படிப் பிடிபடும், எதற்கு ஆகும் என்பதையும் கலந்து பிரித்தார்கள், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் கூடியது. 1997 இல் மெடினும் கூட்டாளிகளும் மரத்தோடு வேலை செய்பவர்களிடம் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதுதான். வகைப்பாட்டியல் படித்தவர்கள் விஞ்ஞானப் பிரிவோடு ஒட்டி நின்றார்கள். தோட்டம் அமைப்பவர்கள் எங்கே நடலாம், எதற்கு உதவும் என்று பிரித்தார்கள்.

எது சரி என்ற கேள்வியை நான் இப்படித் திருப்புவேன். உங்கள் அம்மாவுக்கு ஒரு புது மீன் கிடைக்கிறது. சதை இளகல், முள் கூட. அவர் அதை எந்தக் கறிக்கு எடுப்பார் என்று நீங்கள் இப்போதே சொல்லிவிடுவீர்கள். முன்பு காணாததைக் கண்டால் என்ன செய்வது என்று அந்த வகை சொல்லித்தருகிறதே, அவருடைய வேலைக்கு அது போதும். ஐயாவின் வகையால் அதைச் சொல்ல முடியாது, அது வேறு கேள்விக்கு விடை.

ஆச்சிவீடு

கறி என்று வந்தபடியால் ஒரு கேள்வி. கிரந்திச் சாமானுக்கு என்ன இலக்கணம் சொல்லுவீர்கள், தர்க்கப்பித்தன் அண்ணை? நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி. புண் உள்ள ஆளுக்கும் சொறி உள்ள பிள்ளைக்கும் இதெல்லாம் குடுக்கக்கூடாது என்பார் எங்கள் ஆச்சி. நிறம் ஒன்றா? ருசி ஒன்றா? ஒன்று கடலில், ஒன்று கொடியில்கூட இல்லை, நிலத்தில் முள்ளோடு. பார்வைக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இந்தச் சாமான்களை ஊரில் எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் மடமடவென்று சொல்லிவிடுவா.

பனிப்புலம்

அக்கா, கைகொடுங்கள். முன்மாதிரிக் கொள்கை முட்டி நிற்கிற இடம் இதுதான். 1985 இல் மர்பியும் மெடினும் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு வகையை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது, உறுப்புகள் ஒன்றுபோல இருப்பது மட்டும் இல்லை. அவற்றைப் பற்றி நாங்கள் வைத்திருக்கிற விளக்கம்தான் பெரிய கட்டு. அவர்கள் சொன்ன உதாரணம்: விருந்து வீட்டில் ஒருவர் உடுப்போடு நீச்சல் தடாகத்தில் குதிக்கிறார். உடனே "ஆள் வெறி" என்று சொல்லிவிடுவோம். வெறிகாரருக்கு "உடுப்போடு தண்ணியில் குதிப்பவர்" என்ற அடையாளம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் வெறி ஆளை என்ன செய்யும் என்ற விளக்கம் எங்களிடம் இருக்கிறது, அதற்குள் இது பொருந்துகிறது.

கிரந்தியும் அப்படித்தான். உடம்புக்குள் ஏதோ கெடுகிறது, அது தோலால் வெளியே வருகிறது, சில சாப்பாடு அதைக் கிளப்புகிறது என்ற விளக்கம்தான் நண்டையும் கத்தரியையும் ஒரே கடகத்தில் போடுகிறது. விளக்கம் முழுக்க மெய்யாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நண்டு, இறால், கணவாய் மூன்றிலும் ஒவ்வாமை கிளப்பும் ஒரே வகைப் புரதம் உண்டு, திரோபோமயோசின் என்று பெயர். அது சிலருக்கு உண்மையிலேயே சொறியைத் தரும். கத்தரியும் அன்னாசியும் அந்தக் கணக்கில் வராது. ஆச்சியின் வகை பாதியில் இயற்கையைத் தொட்டுவிட்டது என்று நான் சொல்லுவேன்.

தர்க்கப்பித்தன்

கிரந்திக்கு இலக்கணம் "கிரந்தியைக் கிளப்புவது". இதில் என்ன கஷ்டம்?

ஆச்சிவீடு

அண்ணை, அது இலக்கணமா, சுற்றிச் சுற்றிச் சுப்பற்றை கொல்லையா?

பழைய நூலகர்

நான் பள்ளிக்கூட நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குருநகரான் கேட்டது எங்கள் தொழிலின் தலையிடி. ஒரு புத்தகம் ஒரு அடுக்கில்தான் நிற்க முடியும். பனை பற்றி ஒரு நூல் வருகிறது. தாவரவியல் என்று 580 என்ற அடுக்கு எண்ணுக்குள் போடுவதா, பயிர்ச்செய்கை என்று 630க்குள்ளா, பனங்காய்ப் பணியாரம் இருப்பதால் 641க்கா, ஓலைப்பெட்டி பின்னல் இருப்பதால் 746க்கா? மெல்வில் டூயி 1876 இல் இந்தப் பதின்மக் கணக்கைப் போட்டார். அவர் எந்த ஊர் ஆள் என்பது சமய அடுக்கைப் பார்த்தாலே தெரியும். 220 தொடக்கம் 280கள் வரை கிறிஸ்தவம், மிச்ச உலகத்துச் சமயம் எல்லாவற்றுக்கும் 290கள். சைவம், வைணவம், சித்தாந்தம், தலபுராணம் எல்லாம் 294.5க்குள் நெரிபட வேண்டும். எங்கள் நூலகத்தில் அந்த ஒரு எண்ணுக்கு இரண்டு இறாக்கை போதாது, பக்கத்து இறாக்கைகள் காற்று வாங்கும்.

இதற்கு வேறு வழி கண்டவர் எங்கள் பக்கத்து ஆள். சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் படிப்பித்தவர், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1933 இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். நூலை ஒரு பெட்டிக்குள் திணிக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் குறியிட்டு, நடுவில் கோலன் (:) குறி போட்டுச் சேர்ப்பது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகம். ஒரே பனை நூலில் பனையும் இருக்கும், அறுவடையும் இருக்கும், யாழ்ப்பாணமும் இருக்கும்.

மனமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

பனிப்புலம்

ஐயா, உங்கள் எண்ணத்துக்கு ஆதாரம் உண்டு. ரோஸும் மர்பியும் 1999 இல் சாப்பாட்டு வகைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். முட்டையைச் சனம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது: அது என்ன மாதிரிச் சாமான் என்பதில் ஒன்று, எந்த வேளைக்குச் சாப்பிடுவது என்பதில் ஒன்று. என்ன சத்து இருக்கும் என்று கேட்டால் முதலாவதைப் பாவிக்கிறது; எப்போது சாப்பிடுவார்கள் என்று கேட்டால் இரண்டாவதை.

1969 இல் கொலின்ஸும் குவிலியனும் மனதுக்குள் அறிவு ஒரு மரம் மாதிரிக் கிளை கிளையாக இருக்கிறது என்று சொன்னபோது இதெல்லாம் கணக்கில் இல்லை. அந்தக் கொள்கைப்படி, "நாய் பாலூட்டி" என்பது "நாய் விலங்கு" என்பதைவிட விரைவாக விளங்க வேண்டும், ஏனென்றால் ஒரு படிதான் தூரம். ஆட்களைக் கேட்டால் நேர்மாறு. விலங்கு என்பதற்கே முதலில் ஆம் என்கிறார்கள்.

இரவுப்பணி

நான் தாதி. மூளை பழுதுபட்டால் இந்த அடுக்கு எப்படிக் குழம்புகிறது என்பதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 1984 இல் வொரிங்டனும் சாலிஸும் மூளையழற்சி கண்டு தேறிய சிலரைப் பற்றி எழுதினார்கள். ஒருவரை ஜே.பி.ஆர். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடுகிறார்கள். அவரிடம் திசைகாட்டி என்றால் என்ன என்று கேட்டால் போகும் திசையைச் சொல்லும் கருவி என்று ஒழுங்காகச் சொன்னார். கிளி என்றால் தெரியாது என்றார். நத்தை ஒரு பூச்சி என்றார். செய்பொருட்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன, உயிருள்ளவை போய்விட்டன. அதோடு சாப்பாட்டுச் சாமான்களும் இசைக்கருவிகளும் அவருக்குக் கடினமாக இருந்தன. இசைக்கருவிக்கு உயிரில்லையே, அது ஏன் போனது? கிளியைக் கிளியென்று காட்டுவது நிறமும் உருவமும், திசைகாட்டியைக் காட்டுவது அதன் பயன். மூளை இந்த இரண்டு விதமான அறிவையும் வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வேறு ஆட்கள் உயிருள்ளவற்றுக்கு மூளையில் தனி ஏற்பாடே இருக்கிறது என்கிறார்கள். இன்னும் தீரவில்லை.

பூவரசு

ஒருவரும் தொடாத இடத்தை நான் தொடுகிறேன். கோபிக்க வேண்டாம். பிராங் கீல் என்பவர் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார்: ஒரு ரக்கூனுக்கு வைத்தியர் சாயம் பூசி, நாற்றப்பை வைத்துத் தைத்து, அச்சொட்டாக ஸ்கங்க் என்ற நாற்றம் பீச்சும் விலங்கு மாதிரி மாற்றிவிட்டார். இப்போது அது என்ன? மிகச் சின்னப் பிள்ளைகள் ஸ்கங்க் என்றார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், இல்லை, அது இன்னும் ரக்கூன்தான் என்றார்கள். கோப்பிப் பாத்திரத்தைப் பறவைகளுக்குத் தீனி வைக்கும் தட்டாக மாற்றினால் மட்டும் எல்லா வயதுப் பிள்ளைகளும் மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். உயிருள்ளவற்றுக்கு உள்ளே மாறாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று மனம் நம்புகிறது. விலங்குகளுக்கு இந்த நம்பிக்கை நன்றாக உதவும்.

இதே நம்பிக்கையை மனிதர்மேல் பூசினால் என்ன வரும் என்பதற்கு நாங்கள் லண்டனுக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தது என்ன? உள்ளே போக நின்ற ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களும் மறித்து நின்றவர்களும் ஒரே கிணற்று நீரில் ஒரே மாதிரிக் குளித்தாலும் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே மறித்தார்கள். படித்த ஆட்கள்தான் அதிகம் மறித்தார்கள் என்பது என் கருத்து.

தர்க்கப்பித்தன்

இதற்கும் உளவியலுக்கும் என்ன சம்பந்தம்?

பூவரசு

சம்பந்தம் மட்டும்தான் இருக்கிறது ஐயா.

மட்டுறுத்துனர்

இரண்டு பேரும் இந்த விடயத்தைத் தனி இழையில் தொடரலாம். இங்கே கோயில் கதை இத்தோடு போதும்.

சங்குப்பிட்டி

மட்டுறுத்துனர் விட்டால் நான் ஒன்று சொல்கிறேன், சண்டை இல்லை. சில வகைகள் அந்த நேரத்துத் தேவைக்காகத்தான் பிறக்கின்றன என்று பார்சலோ என்பவர் 1983 இல் எழுதினார். அவருடைய உதாரணம், வீடு தீப்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை. பிள்ளைகள், நகை, படங்கள். இவற்றுக்குள் வேறு ஒற்றுமை ஒன்றுமில்லை. ஆனாலும் எது நல்ல உதாரணம், எது கூடாத உதாரணம் என்று சனம் இதிலும் தெளிவாகச் சொல்கிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த ஆட்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. எங்கள் அம்மா அந்தப் பையை அடுக்கவே இல்லை. அது ஏற்கெனவே அடுக்கி அறைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், அண்ணாவின் சோதனை முடிவு, கூப்பன் அட்டை, எல்லாம் சொப்பிங் பையில் சுற்றி. நகை அவருடைய இடுப்பில். சைக்கிளில் அரிசி, சட்டி, படங்கு. தையல் மெசினைத் திரும்பிப் பார்த்துவிட்டு விட்டார். அது விலை கூடியதுதான், ஆனால் அந்த வகைக்குள் வரவில்லை.

பார்சலோவும் சொல்கிறார், அடிக்கடி பாவித்தால் இப்படிப் பிறந்த வகையும் நினைவில் நிலைத்துவிடும் என்று. அம்மாவிடம் இன்றைக்கும் அந்தப் பை இருக்கிறது. இப்போது அதற்குள் மருந்துத் துண்டும் கைபேசி சார்ஜரும் சேர்ந்திருக்கின்றன.

கிணற்றடி

வாசிக்க வாசிக்கத் தலை சுற்றுகிறது, ஆனால் எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமைக்கு ஒரு யோசனை கேட்கிறேன். அட்டைகளைத் திரும்பக் கொடுக்கும்போது எது சரி என்று திருத்துவதா, விடுவதா?

பனிப்புலம்

திருத்த வேண்டாம் அக்கா. மூன்று, நான்கு மாதக் குழந்தைகளே பூனைப் படங்களையும் நாய்ப் படங்களையும் வேறு வேறாகக் காண்கின்றன என்று 1993 இல் குயினும் ஐமஸும் கூட்டாளிகளும் காட்டினார்கள். உருவத்தால் பிரிப்பதை நீங்கள் படிப்பிக்க வேண்டியதில்லை. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். அதே அட்டைகளை வைத்து "மழை வந்தால் எதற்குக் கீழே நிற்பீங்கள்?" என்று ஒருதரம். "ஆடு எதைத் தின்னும்?" என்று ஒருதரம். குவியல் ஒவ்வொரு முறையும் கலைந்து வேறாக வரும். ஒரே வாழை மூன்று குவியலுக்குப் போகலாம் என்று பிள்ளை கண்டால் அதுவே பெரிய பாடம். அந்தச் "சும்மா சாப்பிடுறது" பெடியனைக் கவனியுங்கள், அவன் மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டான்.

வேலியோரம்

நாலைந்து நிஜத் துண்டுகளையும் கொடுங்கள் அக்கா. பனஞ்சிலாகைத் துண்டு ஒன்று, வேப்பங்கொப்பு வெட்டியது ஒன்று. நகத்தால் கிள்ளிப் பார்க்கட்டும்.

ஆச்சிவீடு

போகிற போக்கில் ஒரு சந்தேகம். வெள்ளைக் கத்தரிக்காய் கிரந்தியா? எங்கள் ஆச்சி கிரந்தி என்பார், மாமியார் வீட்டில் இல்லை என்கிறார்கள்.

குருநகரான்

எங்கள் வீட்டில் எல்லாக் கத்தரியும் கிரந்திதான். திருக்கை?

ஆச்சிவீடு

திருக்கை ஒருநாளும் இல்லை! வறையை வேண்டுமென்றால் நோயாளிக்கும் குடுக்கலாம்.

சுன்னாகச்சந்தை

சந்தையில் கத்தரி விற்கிற அக்காவைக் கேட்டுப் பார்த்தேன். விற்கிறவரைக்கும் கிரந்தி இல்லையாம்.